அடையாளம் தெரியாத மூன்று பொருட்கள்

திங்கட்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் கோதண்டராமன் தன் மேசை மேல் இருந்த இஞ்சி மரப்பா டப்பாவுக்குச் சிவப்பு டேக் கட்டினார்.

கட்டியதோடு விட்டாரா என்றால் இல்லை. முத்து முத்தான கையெழுத்தில் டேக்கில் விவரமும் எழுதினார். ‘பொருள்: அடையாளம் தெரியவில்லை. எண்ணிக்கை: 1. அனுப்பியவர்: தெரியவில்லை. நிலை: நிறுத்தி வைக்கவும்.’ பிறகு டப்பாவை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய், மூலையில் இருந்த கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார். வளைந்த போல்ட், துருப்பிடித்த ஸ்பிரிங் என்று சந்தேகத்துக்கு இடமான சரக்கெல்லாம் தீர்ப்புக்காகக் காத்துக் கிடக்கும் இடம் அது.

இருபது அடி தள்ளி, எதிர்மேசையில் குனிந்து போல்ட் அளந்துகொண்டிருந்த ஷாரோன், அளந்த போல்ட்டையே மறுபடி அளந்தாள். டப்பாவுக்குப் பச்சைக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, ஏழே முக்காலுக்கே வந்து யாருக்கும் தெரியாமல் அந்த மேசையில் வைத்தவள் அவள்தான்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முப்பிடாதி, வண்டியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் ஒன்பது வருஷம் ஆகியும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளாத மனிதர்.

“சார், அது கிறிஸ்மஸ் வெளாட்டு சார். உங்களுக்குப் பரிசு வந்துருக்கு.”

“அது இல்ல,” என்றார் கோதண்டராமன்.

“ரிப்பன்லாம் கட்டிருக்கே சார்?”

“ரிப்பன் கட்டினா பரிசாயிடுமா? அது இல்லன்னு எனக்குத் தெரியும். நீ வண்டிய எடு.”

விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கார் சீட்டுகள் செய்யும் அந்தக் கம்பெனியில், டிசம்பர் பிறந்தால் எச்.ஆர். பூஜா மேடம் ஒரு பிஸ்கட் டின்னில் எல்லார் பெயரையும் சீட்டெழுதிப் போட்டுக் குலுக்குவார். யார் கையில் யார் பெயர் வருகிறதோ, எடுத்தவர் அவருக்கு ‘கிறிஸ் மாம்’, அதாவது அம்மா. சீட்டில் பெயர் உள்ளவர் ‘கிறிஸ் சைல்ட்’, பிள்ளை. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் முழுக்க, தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் அம்மா பிள்ளைக்குச் சின்னச் சின்னப் பரிசு வைக்க வேண்டும். சனிக்கிழமை கேக் வெட்டும்போதுதான் யார் யாருக்கு அம்மா என்ற உண்மை வெளியே வரும். இந்த ஏற்பாட்டின்படி, தொண்ணூறு கிலோ முப்பிடாதி, கேன்டீன் மாஸ்டருக்குத் தாயாகியிருந்தார். ஐம்பத்தாறு வயதுக் கோதண்டராமன், இருபத்திரண்டு வயது ஷாரோனுக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டார்.

பிறக்கிறதுதான் பிறந்தார், வேறு எங்காவது பிறந்திருக்கக் கூடாதா?

அந்த மனிதருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று ஆண்டவருக்கே தெரியாது. டீ குடிக்க மாட்டார். ஸ்வீட் தொட மாட்டார். சாப்பாடு வீட்டிலிருந்து வரும். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டில் பார்த்தால்கூடக் கம்பெனி சட்டையில்தான் இருப்பார். யாராவது பேனா கொடுத்தால், எழுதி முடித்ததும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். பதினாலு வருஷமாக அந்த ஸ்டோர்ஸில் ஒரு வாஷர் குறைந்ததில்லை, ஒரு வாஷர் கூடியதும் இல்லை.

“சாருக்கு இன்னாண்ணா புடிக்கும்?” என்று சீட்டு எடுத்த அன்றே முப்பிடாதியிடம் கேட்டிருந்தாள் ஷாரோன்.

முப்பிடாதி நன்றாக யோசித்தார். “ஸ்டாக் சரியா இருந்தா பிடிக்கும்.”

“அத்த எப்டிண்ணா பேப்பர் சுத்திக் குடுக்கறது?”

“அப்பம் கஷ்டந்தான் பிள்ள. நாலு நாள் லீவப் போட்டுட்டு வீட்ல கெட.”

லீவு போடுகிற நிலையில் அவள் இல்லை. ஷாரோன் அங்கே டிரெய்னி. வெளியிலிருந்து வருகிற சரக்கை அளந்து பார்த்து, நல்லது கெட்டது சொல்லுகிற வேலை. இரண்டு வருஷம் இந்த முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. முடிந்தால் ஒன்று, நிரந்தர வேலை. இல்லையென்றால், சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் சர்டிஃபிகேட் கவரோடு நின்று வேறு கம்பெனி பஸ்களை எண்ண வேண்டியதுதான். அவளையும் சேர்த்து ஒன்றாக வந்த நாலு பேரில் மூன்று பேர் இடையிலேயே அப்படித்தான் போனார்கள். அவளுடைய ஃபைல் மட்டும் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் கோதண்டராமன்.

அதற்காகத்தான் பரிசில் அக்கறை எடுத்துக்கொண்டாளா என்று கேட்டால், கொஞ்சம் அதற்காகவும்தான். ஆனால் அது மட்டும் இல்லை. இரண்டு வருஷம் ஒருவர் எதிரில் உட்கார்ந்தால், அவர் இருமினால் நமக்குத் தொண்டை கரகரக்கும். கோதண்டராமன் சரக்கு வருகிற நேரத்தில் அட்டைப் பெட்டித் தூசியில் இருமிக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்துத்தான் மரப்பா; அது ஸ்வீட்டில் சேர்த்தியில்லை, தொண்டைக்கு மருந்து.

அந்த மரப்பா இப்போது கூண்டுக்குள் இருந்தது.

“தப்பு உன்மேலதான்,” என்றார் முப்பிடாதி, மத்தியானம் சாப்பாட்டு வரிசையில். “லேபிள் ஒட்டினியா? பார்ட் நம்பர் போட்டியா? லேபிள் இல்லாத சரக்க அவரு தொடுவாரா? அவரு பாஷைல சொல்லணும்லா.”

அது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை கோதண்டராமன் மேசையில் இரண்டாவது பார்சல் இருந்தது. கண்ணாடியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற கறுப்புக் கயிறு. அவர் குனிந்து பெட்டி நம்பர் பார்க்கும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடி கீழே விழும். அதைத் தேடக் கண்ணாடி இல்லாமல் தரையைத் தடவுவார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், ஷாரோனுக்குப் பாவமாக இருக்கும். இந்தத் தடவை பார்சலின் மேல் ஒரு வெள்ளை லேபிளும் ஒட்டியிருந்தாள். ‘பார்ட் நம்பர்: கே.ஆர். 001. பெயர்: கண்ணாடிக் கயிறு. எண்ணிக்கை: 1.’ கே.ஆர். என்றால் கோதண்டராமன். அந்த நயத்தை அவர் ரசிப்பார் என்று ராத்திரி படுக்கையில் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டராமன் லேபிளைப் படித்தார். கம்ப்யூட்டரில் கே.ஆர். 001 என்று தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு எழுந்து போய், எட்டு மணி மீட்டிங்குக்கு வரிசையாக நின்ற பதினெட்டு பேர் முன்னால், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அந்தக் கயிற்றைப் போட்டுத் தூக்கிக் காட்டினார்.

“நேத்து வந்தது அடையாளம் இல்லாத பொருள். இன்னிக்கு வந்தது அதைவிட மோசம். இல்லாத பார்ட் நம்பரைப் போட்டு வந்திருக்கு. நம்ம சிஸ்டத்துல கே.ஆர்.னு ஒரு வரிசையே கிடையாது. இதுக்குப் பேர் என்ன?”

அவரே பையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

“போலி,” என்றார் கோதண்டராமன். “இது சீட்டுல ஏறி, சீட்டு கார்ல ஏறி, கார் ரோட்டுல போனா என்ன ஆகும்?”

கண்ணாடிக் கயிறு கார் சீட்டில் எப்படி ஏறும் என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. ஷாரோன் தன் ஷூவின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கயிறு கூண்டுக்குப் போய், மரப்பாவுக்குத் துணையாகப் படுத்துக்கொண்டது.

“வெள்ளிக்கிழமை கஸ்டமர் ஆடிட்,” என்று, கார் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருவதை நினைவுபடுத்தி முடித்தார் அவர். “அதுக்குள்ள இது எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

மீட்டிங் கலைந்ததும் ஷாரோன் நேராக ஃபோர்க்லிஃப்டிடம் போனாள்.

“அண்ணா, உன் பேச்சக் கேட்டு நான் கள்ள நோட்டு அடிச்சா மாரி ஆயிட்டேண்ணா!”

“ஏ பிள்ள, லேபிள் சரிதான். வந்த வழிதான் தப்பு,” என்றார் முப்பிடாதி கொஞ்சமும் அசராமல். “நீ டிபன் பையில ஒளிச்சுல்லா கொண்டாந்த? கேட்ல என்ட்ரி போட்டு, சலானோட, ராஜபாட்டைல வரணும். அப்பம் அவரால ஒண்ணும் சொல்ல முடியாது.”

ஷாரோன் அதற்கு மேல் அவர் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் மூன்றாவது பரிசு ஏற்கெனவே வீட்டில் தயாராகிக்கொண்டிருந்தது. அது அவளுடைய அம்மா ராஜம்மாவின் கைவேலை.

ஊருக்கெல்லாம் மெத்து மெத்தென்று சீட்டு செய்து அனுப்புகிற கம்பெனியில், கோதண்டராமன் உட்காருவது ஒரு இரும்பு நாற்காலி. ஸ்டோர்ஸில் ஆயிரம் சீட்டுக்கான ஃபோம் அடுக்கியிருக்கும். அதில் ஒரு துண்டைக்கூட எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார். அது ஸ்டாக். சாயங்காலமானால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். இதை ஷாரோன் வீட்டில் சொன்னபோது ராஜம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இலவம் பஞ்சு வாங்கி, பழைய தையல் மெஷினில் நீலத் துணியை ஓட்டி, நாற்காலிக்கு அளவாக ஒரு குட்டி மெத்தை தைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்க சாரு கையெழுத்து போடாம பூடுவாரா பாக்கறேன்,” என்றாள் மகளிடம். “என் கையால தெச்ச மெத்தைல குந்தினா கோவம் வராதுடி.”

புதன்கிழமை காலை, கேட்டில் இருந்த செக்யூரிட்டி முனியம்மாளிடம் ஷாரோன் மெத்தையை நீட்டினாள். கூடவே ஒரு வெள்ளைத் தாள். ‘ராஜம்மா எண்டர்பிரைசஸ், சுங்குவார்சத்திரம். மெத்தை – 1. இலவச சாம்பிள். ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் பார்வைக்கு.’

முனியம்மாள் நோட்டில் எழுதி, முத்திரை குத்தி, ஸ்டோர்ஸுக்கு அனுப்பினாள். எல்லாம் முறைப்படி நடந்தது. ஷாரோனுக்கு மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

பத்தரை மணிக்குக் கோதண்டராமன் அவள் மேசைக்கு வந்தார். கையில் மெத்தை இருந்தது.

“ஷாரோன், இது புது சப்ளையர். சாம்பிள் அனுப்பியிருக்காங்க. சலான் இருக்கு, கேட் என்ட்ரி இருக்கு, எல்லாம் ஒழுங்கா இருக்கு.”

“ஆமா சார்,” என்றாள் ஷாரோன், சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு. “நல்லா கீ... நல்லா இருக்கு சார்.”

“நல்லா இருக்கா இல்லையான்னு அளந்துட்டுச் சொல்லு. புது சப்ளையர் சாம்பிள் உன் மேசையத் தாண்டித்தானே உள்ள போகணும்? நாளைக்குக் காலைல ரிப்போர்ட் வேணும்.”

மெத்தையை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போய், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

ஆக, தான் கொடுத்த பரிசைத் தானே சோதிக்க வேண்டிய நிலைமைக்கு வந்து சேர்ந்தாள் ஷாரோன். நல்லது என்று எழுதி விட்டுவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அளக்காமல் எழுத அவளுக்குக் கை வராது. இரண்டு வருஷத்தில் அந்த வேலை அவளுக்குள் அப்படி ஊறியிருந்தது. நீளம் அளந்தாள், அகலம் அளந்தாள், வெர்னியரை வைத்துத் தடிமன் பார்த்தாள். ஓரத் தையலை விரலால் தடவிக்கொண்டே வந்தவள், வலது மூலையில் நின்றுவிட்டாள்.

மூன்று தையல் விட்டிருந்தது.

ராஜம்மாவின் கண்ணுக்கு இப்போதெல்லாம் சாயங்காலத்துக்கு மேல் ஊசி சரியாகத் தெரிவதில்லை. அது ஷாரோனுக்குத் தெரியும். மெத்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவை நினைத்தால் அழுகை வந்தது. ரிப்போர்ட்டை நினைத்தால் பயம் வந்தது. கடைசியில் பேனாவை எடுத்து எழுதினாள். ‘வலது மூலையில் மூன்று தையல் இல்லை. முடிவு: நிராகரிப்பு.’

அம்மாவுக்கு இது தெரிந்தால் ஒரு வாரத்துக்கு வீட்டில் சோறு கிடையாது.

வியாழக்கிழமை காலை ரிப்போர்ட்டைப் படித்த கோதண்டராமனின் முகத்தில், அவள் இதுவரை பார்த்திராத ஒரு களை வந்தது.

“வேற யாரா இருந்தாலும் இந்த மூணு தையலை விட்டிருப்பாங்க. நல்ல ரிப்போர்ட்.”

“தேங்க்ஸ் சார்.”

“சப்ளையர விடக் கூடாது. சனிக்கிழமை நேர்ல போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன். நீயும் சுங்குவார்சத்திரம்தானே? இந்த ராஜம்மா எண்டர்பிரைசஸ் எங்க இருக்குன்னு தெரியுமா?”

“தெ... தெரியும் சார். ரொம்பச் சின்ன இடம் சார்.”

“எத்தனை மெஷின்?”

“ஒன்னு சார்.”

“ஆளுங்க?”

“ஒருத்தங்கதான் சார்.”

“ஒரே ஆளா? அவங்களுக்கு உடம்பு சரியில்லன்னா யார் பாக்கறது?”

“நான்தான்... யாராவது பாத்துப்பாங்க சார்.”

கோதண்டராமன் அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு டிராயரைத் திறந்து வேறொரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். ஷாரோனுக்கு அது என்ன தாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்கேயாவது தப்பு நடந்தால், ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேட்டுக் கேட்டுக் காரணத்தைத் தோண்டி எடுக்கிறது அந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் வழக்கம். தாளில் ஐந்து ‘ஏன்’களும் அச்சடித்திருக்கும், பதிலை மட்டும் எழுத வேண்டும்.

“அந்த ரெண்டு பார்சல், இந்த மெத்தை, மூணும் ஒரே வாரத்துல வந்திருக்கு. எனக்கென்னவோ மூணும் ஒரே கைன்னு தோணுது. யார், எதுக்குன்னு நீ கண்டுபிடிச்சு எழுது. மூணு தையலக் கண்டுபிடிச்சவளுக்கு இது பெரிய விஷயம் இல்ல. மூணு மணிக்குள்ள குடு.” கொஞ்சம் நிறுத்தி, “உன் ஃபைல் என் மேசை மேலதான் இருக்கு. நீ இத முடிச்சதும் அதப் பாக்கறேன்,” என்றார்.

தன்னைத் தானே பிடித்துக் கொடுக்கச் சொன்னால் ஒருத்தி என்ன செய்வாள்? சனிக்கிழமைக்கு முன்னால் பெயரைச் சொன்னால் விளையாட்டு கெட்டுவிடும். சொல்லாவிட்டால் வேலை கெட்டுவிடும். சொன்னாலும் என்ன வாழ்கிறது? போலி பார்ட் நம்பர், போலி கம்பெனி, போலி சாம்பிள். எந்த மகராசன் இப்படிப்பட்டவளை வேலையில் வைத்துக்கொள்வான்?

“கூரியர்க்காரன் தலைல போட்டுரு,” என்றார் முப்பிடாதி. “எவனோ அட்ரஸ் மாத்திக் குடுத்துட்டுப் போயிட்டான்னு எழுது. கூரியர்க்காரன் வந்து இல்லைன்னா சொல்லப் போறான்?”

“வேணாண்ணா.”

“ஏன்?”

“எங்க அம்மா தையலயே தப்புன்னு எழுதிட்டேன். இப்ப எனக்குன்னு வந்தா பொய் எழுதணுமா?”

முப்பிடாதி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஷாரோன் தாளைக் கோதண்டராமன் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

‘பொருட்கள் ஏன் வந்தன? ஷாரோன் வைத்ததால். ஷாரோன் ஏன் வைத்தாள்? சீட்டில் சாரின் பெயர் வந்ததால். ஏன் இந்த மூன்று பொருட்கள்? சாருக்கு இருமல் இருக்கிறது, கண்ணாடி விழுகிறது, நாற்காலி இரும்பு. இதெல்லாம் ஷாரோனுக்கு ஏன் தெரிந்தது? இரண்டு வருஷமாக எதிரில் உட்கார்ந்திருப்பதால். ஏன் பெயர் எழுதவில்லை? விளையாட்டின் விதி. கொஞ்சம் பயமும்.’

அதற்குக் கீழே, ‘ராஜம்மா எண்டர்பிரைசஸ் என்பது என் அம்மா. மன்னிக்கவும்’ என்று எழுதியிருந்தாள்.

கோதண்டராமன் அதை இரண்டு தடவை படித்தார். கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் போய் மூன்றாவது தடவையும் படித்தார்.

“சீட்டு இருக்கா?”

ஷாரோன் ஐ.டி. கார்டு உறைக்குள்ளிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

“என் பேர் வந்ததும் நீ என்ன பண்ண?”

“இன்னா வாங்கலாம்னு யோசிச்சேன் சார்.”

“பூஜா மேடம்கிட்ட மாத்திக் கேக்கலையா?”

“எதுக்கு சார்?”

கோதண்டராமன் மேசை மேல் இருந்த ஸ்டேப்ளரை நகர்த்தி, முதலில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். “சரி, நீ போ,” என்றார். குரல் ஏதோ தூரத்திலிருந்து வந்தது.

போய்விட்டது வேலை என்று ஷாரோன் முடிவு கட்டிவிட்டாள். கை கழுவுகிற குழாய்களுக்குப் பின்னால், காலி அட்டைப் பெட்டிகள் அடுக்குகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். மெத்தையைத் திருப்பித் தருவார்களா, அல்லது அதுவும் ஸ்கிராப்தானா என்று யோசித்தாள். அழக் கூடாது என்று நினைத்து, நினைத்த மாத்திரத்தில் அழுதாள்.

நாலு மணி சுமாருக்கு ஹவுஸ்கீப்பிங் காவேரி துடைப்பக் கட்டையும் வாளியுமாக அங்கே வந்தாள். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து ஸ்டோர்ஸைப் பெருக்குகிறவள். அவள் இடுப்பில் ஒரு பழுப்புக் கவர் செருகியிருந்தது.

“இங்க வந்து குந்திகினு கீறியா? உன்ன எங்கெல்லாம் தேடறது? இந்தா, சாரு உன்னாண்ட குடுக்கச் சொன்னாரு.”

ஷாரோன் கவரைப் பிரித்தாள். உள்ளே அவளுடைய ஃபைல் தாள். ‘நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே அந்த முத்து முத்தான கையெழுத்து. பக்கத்தில் குறிப்பு எழுத விட்டிருந்த இடத்தில், ‘தன் வீட்டுச் சரக்கானாலும் தப்பை விட மாட்டாள்’ என்று எழுதியிருந்தார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து ஓடிப்போய் ஸ்டோர்ஸ் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். காவேரியும் வாளியோடு பின்னாலேயே வந்து நின்றாள். கூண்டு திறந்து கிடந்தது. கோதண்டராமன் கழுத்தில் கறுப்புக் கயிறு தொங்கியது. ஒரு பக்கத்துக் கன்னம் மரப்பாவால் உப்பியிருந்தது. இரும்பு நாற்காலியின் மேல் நீல மெத்தை. நிராகரித்த சரக்கின் மேல், ஆடிட்டுக்கு முந்தின நாள், கோதண்டராமன் உட்கார்ந்திருந்தார்! அது மட்டுமில்லை, ஒன்றுமே எழுதாமல், எதையுமே எண்ணாமல், சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஷாரோனுக்கு அழுகை நின்று சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் கோபமும் வந்தது.

“புடிச்சுதான் கீது! அப்பறம் இன்னாத்துக்குக்கா மூணு நாளா டேக் போட்டு, கூண்டுல பூட்டி, போலின்னு மீட்டிங் போட்டு, என் உசுர வாங்கினாரு? பரிசுன்னு ஒருத்தர் வெச்சா, பரிசுன்னு தெரியாதா ஒரு மனுஷனுக்கு?”

காவேரி கதவு வழியாக உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவரு பேரு சீட்டு எடுத்தவங்க அல்லாரும் பயந்துகினு ஒன்னும் வெக்காம வுட்ருவாங்கம்மா, நாலு பேரு பாத்து இன்னா நெனப்பாங்கன்னு வருசா வருசம் அவரே ஒரு டைரிய வாங்கியாந்து என்னாண்ட குடுப்பாரு, நான்தான் பேப்பர் சுத்தி அவரு மேச மேல வெப்பேன். இந்த வருசம் அவரு இன்னும் கடைக்கே போவல, அதுக்குள்ள மேச மேல பார்சல் வந்து குந்திகினு இருந்தா, டேக் போடாம அந்த மனுசன் வேற இன்னா பண்ணுவாரு?”